என் பேரில் உருண்டவர்

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவன்மேல் எனக்கு மரியாதை இல்லை. க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம். நாள்பட்ட களைப்பு. களைப்பு யாருக்குத்தான் இல்லை? பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகம் தெளிந்துவிடும். எனக்கும் அதேதான் என்பார். கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வரும் பெண்ணுக்கு இருக்கிறது. லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் டிரைவருக்கு இருக்கிறது. மதியம் பிரியாணி தின்ற மாமாவுக்கு இருக்கிறது. அவர்களுக்குத் தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. அந்த வித்தியாசத்தைச் சொன்னால், நீ ரொம்ப யோசிக்கிறாய் என்பார்கள். யோசிக்காமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம்.

ஐந்து வருடத்துக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். நின்றுகொண்டே போவேன், நின்றுகொண்டே பாடம் நடத்துவேன், நின்றுகொண்டே திரும்புவேன். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள் போய் வந்தேன். மறுநாள் நன்றாக இருந்தது. அதற்கடுத்த நாள் பல் விளக்கக் கையைத் தூக்க முடியவில்லை. பள்ளி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டது.

இந்த நோயின் குணம் அதுதான். தண்டனை உடனே வராது. ஒரு நாள் விட்டு வரும். இது புரியாதவர்களுக்கு மற்றது எதுவும் புரியாது. யாருக்கும் புரியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் இருக்கிற ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார். எல்லாம் நார்மல். தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். காரணம் கிடைத்துவிட்டது போல அம்மாவைப் பார்த்தார். வெளியே வந்து அம்மா அழுதாள். மகனுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷம். நான் சொன்னபடி கேட்கிறவன். ஒரு வாரம் வேகமாக நடந்தேன். அதற்கப்புறம் மழைக்காலம் முடியும்வரை அம்மா சோறு ஊட்டினாள்.

நோயின் பெயரைச் சொன்னவர் பாண்டிச்சேரியில் ஒரு பெண் டாக்டர். இதற்கு மருந்து இல்லை என்றார். உங்களால் எவ்வளவு முடியும் என்று தோன்றுகிறதோ அதைவிடக் குறைவாகச் செய்யுங்கள் என்றார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான வாக்கியம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊசி போடாத டாக்டருக்கு எங்கள் பக்கம் மதிப்பு கிடையாது.

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வருவார்கள். என் காலைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்காருவார்கள். எதிர்வீட்டுப் பூமாலை நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தார். ஒருவர் கேப்பைக் கூழ் என்றார். ஒருவர் எதையும் பாசிட்டிவாக நினைக்கச் சொன்னார். அவர் வார்டு தேர்தலில் மூன்று முறை தோற்றவர். படித்தவர்கள் என்னைப் பேட்டரி என்றார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். அவர்களுக்குப் பதில் சொல்வதும் எனக்கு மூட்டை தூக்குவது போல என்று எவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் போன பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பேன். ஆப்பிளை அம்மா வேறொரு வீட்டு நோயாளியைப் பார்க்க எடுத்துக்கொண்டு போவாள்.

அக்கா கலைமதியை விக்கிரவாண்டியில் கொடுத்திருக்கிறது. மாமா ஜெகதீசன் அங்கே ஹைவேயில் ஓட்டல் வைத்திருக்கிறார். விடியுமுன் எழுந்து, கடை மூடும்வரை காலில் நிற்கிறவர். அவரே சொல்வார். எல்லோரிடமும் சொல்வார். நிற்பதை ஒரு பட்டம் போல நினைத்துக்கொண்டிருப்பவர். என் நோய்க்கு அவர் வைத்த பெயர் சோம்பேறித்தனம். டாக்டர் வைத்ததைவிட அது சுலபமாகப் பரவியது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அம்மா மறுத்ததில்லை. ஆமாம் என்றதும் இல்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று அவரைக் கேட்பாள்.

இந்த வருடம் கொஞ்சம் தேறினேன். பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யாததால் தேறினேன். நாற்காலியில் உட்காரப் பழகினேன். பிறகு வாசல்வரை. பிறகு தெருமுனை. போனில் பாடம் நடத்தும் ஒரு டியூஷன் கம்பெனிக்கு எழுதிப்போட்டேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். வாரத்தில் மூன்று மாலை, முக்கால் மணி நேரம். திங்கட்கிழமை சோதனை வகுப்பு என்று பதில் வந்தது. பாடப் படங்களைக் கம்பெனியே திரையில் போடும். நான் பேச வேண்டும். என் முகம் தெரிய வேண்டும். பையன்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்வார்கள்.

ஐந்து வருடமாக என்னை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேண்டியிருந்தது.

தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு போன் ஸ்டாண்ட் வாங்கி வந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பூமாலை பார்த்துவிட்டார். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அம்மா காலண்டரில் இருந்த அம்மன் படத்துக்கு முன் நின்று கும்பிட்டாள். பிறகு அந்த வேண்டுதலைச் சொன்னாள்.

நான் மோசமாக இருந்த வருடம் திருவக்கரை வக்கிரகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். மகன் எழுந்து நடந்தால், அவனையே சன்னதியைச் சுற்றி உருண்டு வரச் செய்கிறேன் என்று. மொட்டை இல்லை. மாவிளக்கு இல்லை. அங்கப்பிரதட்சணம். எழுந்திருக்க முடியாதவன் பேரில், அவனைக் கேட்காமல், கல்தரையில் உருளுவதாக ஒப்பந்தம். காலில்லாதவனுக்குப் பாதயாத்திரை வேண்டிக்கொள்ளும் அறிவு.

வரும் சனிக்கிழமை பௌர்ணமி என்றாள். அன்றைக்கே முடித்துவிட வேண்டும், அப்புறம்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை போனால் திங்கட்கிழமை விழுவேன். இதை அவளுக்கு விளக்கினேன். ஒரு நாள் விட்டு வரும் என்று மறுபடி சொன்னேன். அடுத்த பௌர்ணமிக்குப் போகலாம் என்றேன். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் கொடுத்ததை அம்மன் எடுத்துக்கொள்வாள் என்றாள். செய்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும் என்றேன். இரண்டு பக்கமும் ஒரே தண்டனைதான். அவள் அம்மனை நம்பினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவள். இதெல்லாம் பழைய மிரட்டல் என்று படுத்திருந்தேன். பிறகு வந்து கட்டிலருகே நின்று சொன்னாள்.

"நீ வரலன்னா போ. நான் போய் உருள்றேன். வேண்டிக்கினவ நான்தானே."

அவளுக்கு முழங்கால் மடங்காது. ஆனால் செய்வாள். அது எனக்குத் தெரியும். வருகிறேன் என்றேன். உருளுவேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மாமா காரில் அக்காவோடு வந்தார். எனக்குப் பின்சீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். தலையணை வைத்துப் படுத்துக்கொண்டேன். அம்மா என் காலருகே ஒடுங்கி உட்கார்ந்தாள். அக்கா முன்சீட்டில். வழியெல்லாம் மாமா தன் ஓட்டலைப் பற்றிப் பேசினார். சப்ளையர் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், தானே பரிமாறுகிறார், உட்கார நேரமில்லை. உட்கார்ந்துகொண்டு ஓட்டிக்கொண்டே சொன்னார். நான் கண்ணை மூடியிருந்தேன். வேகத்தடை ஒவ்வொன்றும் பிடரியில் ஏறி இறங்கியது.

திருவக்கரையில் அப்போதே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. கோயில் வாசலில் பூக்கடைப் பக்கம் ஒரு நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்தேன். அம்மா ஒரு குடம் தண்ணீர் தேடிக்கொண்டு வந்தாள், என் தலையில் ஊற்ற. மாமா என் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா மாப்ள, உக்காந்துட்ட? உருள்றதுக்கு இன்னா கஷ்டம்? படுத்துக்கினுதானே செய்யணும். உனக்குப் பழக்கமான வேலைதானே."

பூ கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். அக்கா சிரிக்காமல் இருக்க முயன்றாள். நல்ல பேச்சுதான். அந்த மனிதரிடம் நான் எதிர்பார்க்காத தரம். எனக்கு அதைவிட நல்ல யோசனை வந்தது.

"நீங்க செய்ங்களேன் மாமா. அதெல்லாம் உங்களால முடியாதுன்னு அக்கா சொன்னா."

அக்கா அப்படிச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு புருஷன் வயிற்றைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

யாரால முடியாது, என்றார் மாமா. நாள் முழுக்க நிற்கிறவன் நான் என்றார். நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை மாமா என்றேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். இருபது வருடமாக ஓட்டல் நடத்துகிறவரை விழ வைக்க இரண்டு வாக்கியம் போதுமாக இருந்தது.

அம்மாவுக்குத்தான் சந்தேகம். ஆள் மாறினால் அம்மன் ஏற்றுக்கொள்வாளா என்று பூக்காரியைக் கேட்டாள். யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அம்மா எப்போதும் தெளிவு. பூக்காரி மடியிலிருந்த பூவை ஒதுக்கிவிட்டு, பெண் கொடுத்த வீட்டு மாப்பிள்ளை செய்யலாம் என்றாள். ஆனால் யாருக்காக என்று தெரிய வேண்டும், அந்த ஆள் தோளில் கிடக்கும் துண்டை இவர் இடுப்பில் கட்டிவிடு என்றாள். நான்கு முழம் பூவும் வாங்கச் சொன்னாள்.

என் துண்டை மாமா இடுப்பில் கட்டினார்கள். சுற்றளவு போதவில்லை. அக்கா தன் கைக்குட்டையை முடிந்து நீட்டினாள். குடத்துத் தண்ணீரை அம்மா அவர் தலையில் கவிழ்த்தாள்.

பிராகாரத்துக்குப் போய் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். மாமா கைகளைத் தலைக்குமேல் கூப்பிப் படுத்தார். உருண்டார். முதலில் வேகமாகவே போனார். வயிறு மேலே வரும்போது ஒரு முறை நிற்பார், பிறகு மறுபக்கம் விழுவார். அக்கா முன்னால் குனிந்து சின்னக் கற்களை ஒதுக்கிக்கொண்டே போனாள். அம்மா பின்னால் என் பெயரைச் சொல்லிக்கொண்டே போனாள். தென்னரசு, தென்னரசு என்று. ஆள் யார் என்பதில் அம்மன் குழம்பிவிடக் கூடாதே. முதல் திருப்பத்தில் கோணிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார். நேராக்கிவிட்டார்கள். இரண்டாவது திருப்பத்தில் நின்றார். கண்ணைத் திறந்து கோபுரத்தைப் பார்த்தார். அது சுற்றியிருக்க வேண்டும். மறுபடி உருண்டார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வேற்று ஆட்கள் சேர்ந்து தள்ளினார்கள். தொடங்கிய இடத்தில் வந்து எழுந்து உட்கார்ந்து, காலை தின்ற பொங்கலை வாந்தியெடுத்தார்.

வேண்டுதல் மூன்று சுற்று. ஒன்றே போதும் என்றாள் அம்மா. அம்மனோடு பேரம் பேச முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு நடந்ததை நான் மறக்கமாட்டேன். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் கிடத்தினார்கள். அக்கா முந்தானையால் விசிறினாள். அம்மா காலைப் பிடித்துவிட்டாள். யாரோ சோடா கொண்டுவந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டவரை அம்மா வாயில் விரல் வைத்து அடக்கினாள். பேச்சுக் கொடுக்காதீங்க, உடம்பு களைச்சிப்போயிருக்குது என்றாள். தன்னால் கையைத் தூக்க முடியவில்லை என்று மாமா முனகினார். யாரும் ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை. யாரும் நடக்கச் சொல்லவில்லை. பாசிட்டிவாக நினைக்கச் சொல்லவில்லை. சொன்னவுடன் நம்பினார்கள். அரை மணி நேரத்தில் அந்த மனிதருக்குக் கிடைத்தது எனக்கு ஐந்து வருடத்தில் கிடைக்கவில்லை.

நானும் சிரிக்கவில்லை. சிரித்தால் தெம்பு செலவாகும்.

பூக்கடையிலிருந்து ஒரு டிரைவரைப் பிடித்தார்கள். மாமாவைக் காரில் ஏற்றினார்கள். பின்சீட்டில். என் தலையணையில். அவர் தலை அம்மா மடியில், கால் அக்கா மடியில். என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். நான் படுத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு முறை சொன்னேன்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா. அவரு நெலமையப் பாரு," என்றாள் அக்கா.

காருக்கு வெளியே கல்மரப் பூங்காவின் வேலி ஓடியது. எத்தனையோ லட்சம் வருடத்துக்கு முன் விழுந்து கல்லாகிப்போன மரங்கள். அப்படியே படுத்துக் கிடக்கின்றன. யாரும் அவற்றை எழுந்து நடக்கச் சொல்வதில்லை. அரசாங்கம் வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறது.

விக்கிரவாண்டியில் மாமாவையும் அக்காவையும் இறக்கிவிட்டுத்தான் டிரைவர் எங்களைத் திண்டிவனம் கொண்டுவந்தார். அவ்வளவு சுற்றுவழியும் உட்கார்ந்தே வந்தேன். முதுகு, பிறகு கழுத்து, பிறகு கண். என்ன வரப்போகிறது என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்தது. எப்போதும் அப்படித்தான். அக்கா போன் செய்தாள். மாமா எழுந்திருக்கவே இல்லையாம். ஓட்டலைப் பூட்டிவிட்டார்களாம். பாவம் என்று அம்மா மூன்று முறை சொன்னாள். என்னைப் பார்த்து, நீ தெளிவா இருக்கடா என்றாள். அம்மன் கணக்கு முடித்துவிட்டாள் என்ற நிம்மதி அவள் முகத்தில்.

திங்கட்கிழமை காலை கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் குத்தியது. அம்மா தட்டு வைக்கும் சத்தம் மண்டைக்குள் விழுந்தது. எழுந்து உட்கார முயன்றேன். எப்படி உட்காருவது என்பது உடம்புக்கு மறந்திருந்தது.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டாள்: அவரு உருண்டதால அம்மன் சொகத்த அவருக்கே குடுத்துட்டா போல. அன்று காலை மாமா எழுந்து ஓட்டலைத் திறந்துவிட்டார் என்று அக்கா சொல்லியிருந்தாள். கணக்கு சரியாக இருந்தது. ஐந்து வருடத்தில் என் அம்மா போட்ட ஒரே கணக்கு.

மாலைவரை பேசாமல், கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். ஒரு வகுப்புக்குக் குரல் மிஞ்ச வேண்டும். போன் ஸ்டாண்ட் மேசையில் இருந்தது. உட்காருகிறவனுக்குச் செய்த பொருள். அதனால் பயனில்லை. நேரம் நெருங்கியதும் போனை மார்பில் சாய்த்துப் பார்த்தேன். என் மூக்குத் துவாரம்தான் தெரிந்தது. கையில் தூக்கிப் பிடித்தேன். முகத்தில் விழுந்து உதடு கிழிந்தது.

அம்மா வந்தாள். ரத்தத்தைத் துடைத்தாள். இன்று வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். முடியாது என்றேன். இந்த ஒன்றுதான் எனக்கு இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு நீளமான வாக்கியம் கைவசம் இல்லை. போனைக் காட்டினேன். மேலே காட்டினேன்.

அவளுக்குப் புரிந்தது. கட்டில் ஓரத்தில் ஏறி நின்றால் விழுவாள். தரையில் நின்று குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, போனை என் முகத்துக்கு நேர் மேலே பிடித்தாள். தலைக்கடியில் வெள்ளை விரிப்பு. திரையில் பார்த்தால் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கிற ஆள் மாதிரி இருந்தேன். முடி மட்டும் கொஞ்சம் தவறான பக்கம் போயிருந்தது.

பையன்கள் வந்தார்கள். சிறு சிறு பெட்டிகளில் முகங்கள். குட் ஈவினிங் சார் என்றார்கள்.

முதல் பாடம் அளவீடு. ஒரு கருவி தவறாகக் காட்டுகிறது என்றால், எத்தனை முறை அளந்தாலும் அது தவறாகத்தான் காட்டும் என்று தொடங்கினேன். குரல் வந்தது. மெதுவாகப் பேசினேன். மெதுவாகப் பேசும் ஆசிரியரைப் பையன்களுக்குப் பிடிக்கும். எழுதிக்கொள்ள முடியும். ஒரு பெண் நல்ல கேள்வி கேட்டாள். பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

பாதி வகுப்பில் திரை ஆட ஆரம்பித்தது. அம்மாவின் கை. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. முழங்கை தொங்கியது, மறுபடி நிமிர்ந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. சார், உங்க நெட்ல ஏதோ ப்ராப்ளம், ஆடுது என்றான் ஒருவன். ஆமாம் என்றேன். ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டு, மைக்கை அணைக்குமாறு அம்மாவுக்கு விரலால் காட்டினேன். எந்தப் பொத்தான் என்று தேடி அழுத்தினாள். திரையில் தலைகள் குனிந்திருந்தன.

அம்மா மூச்சு வாங்கினாள்.

"கையே செத்துப்போச்சிடா. தூக்கவே முடியல."

"சோம்பேறித்தனம்," என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையையும் இறக்கவில்லை.